போட்டோ பார்த்துப் பென்சிலில் முகம் வரையும்போது ஜாடை ஏன் நழுவுகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கண், மூக்கு, வாய் தனித்தனியாக நன்றாக வருகின்றன, மொத்தமாகப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது. ஷேடிங் செய்யத் தொடங்கினால் முகம் அழுக்காகிவிடுகிறது. எச்பி முதல் 8பி வரை எல்லாப் பென்சிலும் இருந்தும் படம் தட்டையாகவே நிற்கிறது. எங்கே பிசகு?

பிசகு இரண்டு இடத்தில். ஜாடை கெடுவது அளவில். தட்டையாகத் தெரிவது டோனில், அதாவது எந்த இடம் எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெளுப்பு என்பதில். இமைமயிர், உதட்டு வரி, தோலின் துவாரம் போன்ற நுணுக்கங்களால் இரண்டையும் சரிக்கட்ட முடியாது. தெருக்கோடியில் வருகிற ஆளைக் கண்ணும் மூக்கும் தெரியாத தூரத்திலேயே இன்னார் என்று கண்டுகொள்கிறோம். அந்தத் தூரத்தில் தெரிவது தலையின் வடிவம், நெற்றிக்கும் தாடைக்கும் உள்ள விகிதம், கண்குழியிலும் மூக்கடியிலும் கன்னத்திலும் விழும் நிழல், இவ்வளவுதான். ஜாடை அங்கேயே முடிந்துவிடுகிறது. பலரும் செய்வது இதற்கு நேர் எதிர்: இடது கண்ணை எடுத்து இமைமயிர் வரை முடித்துவிட்டு, அப்புறம் மூக்குக்கு இடம் தேடுகிறார்கள். கண் 3 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் அதை அழிக்க மனசு வராது. மீதி முகம் முழுக்க அந்தத் தவறுக்கு ஏற்ப வளைந்துகொடுக்க வேண்டியதாகிவிடும்.

வரைவதற்கு முன் போட்டோவைப் பாருங்கள். செல்ஃபி வேண்டாம். முகத்துக்கு மிக அருகில் கேமரா இருந்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒதுங்கிவிடும். 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 1.5 மீட்டரில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்படிப்பட்ட படத்தை மயிரிழை பிசகாமல் வரைந்தாலும், ஆளைத் தெரிந்தவர்கள் "மூக்கு இப்படியா இருக்கும்?" என்றுதான் கேட்பார்கள். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து வரட்டும். ஜன்னல் ஓரம் போதும். எதிரிலிருந்து அடிக்கும் ஃபிளாஷ் நிழலையெல்லாம் தின்றுவிடும். நிழல் இல்லாத போட்டோவிலிருந்து மேடுபள்ளம் உள்ள முகம் வராது. செல்போனின் பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். கன்ன எலும்புக்கும் தாடைக்கும் நடுவே டோன் மாறும் இடத்தைத்தான் அது முதலில் வழித்தெடுக்கும்.

இறந்துபோன தாத்தாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கொடுத்து ஏ3 அளவில் வரையச் சொல்வார்கள். அதில் ஒரு கண்ணின் அகலம் சில மில்லிமீட்டர்தான். பெரிதாக்கினால் உள்ளே தகவலே இருக்காது. அங்கே இமையையும் மயிரையும் கற்பனையில் சேர்த்தால் ஜாடை போய்விடும். ஏ5க்கு மேல் போகாமல், மங்கலாக இருப்பதை மங்கலாகவே வரைந்துகொடுப்பது நல்லது.

படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றி, நீங்கள் வரையப்போகும் அதே அளவில் மேட் தாளில் பிரிண்ட் எடுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம், நடுத்தர டோன்கள் அதில் காணாமல் போய்விடும். போன் திரையைப் பார்த்தே வரைவதானால் தானாக வெளிச்சம் கூடிக் குறையும் வசதியை அணைத்துவையுங்கள். இல்லாவிட்டால் பகலில் பார்த்த நிழலும் இரவில் பார்க்கும் நிழலும் ஒன்றாக இருக்காது.

தாள் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் இத்தனை கிராம் என்ற கணக்கு) ஜெராக்ஸ் தாளில் மூன்றாவது அடுக்கிலேயே மேற்புறம் பிய்ந்து பஞ்சாகும். குறைந்தது 160 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள். முடிந்தால் 250 ஜிஎஸ்எம் வழவழப்பான பிரிஸ்டல். சொரசொரப்பு அதிகமுள்ள வாட்டர்கலர் தாளில் குழந்தையின் கன்னம்கூட அம்மைத் தழும்புபோல வரும்.

பென்சில் ஐந்து போதும்: 2எச், எச்பி, 2பி, 4பி, 8பி. கிராஃபைட்டைக் களிமண்ணோடு கலந்து சுடும் முறைக்கு 1795இல் பிரான்சில் காண்டே காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். களிமண் கூடினால் கடினம், சாம்பல் நிறம்; அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மை, கருமை; அது பி வரிசை. ஆகவே ஒவ்வொரு பென்சிலுக்கும் ஓர் எல்லை உண்டு. எச்பியை எவ்வளவு அழுத்தினாலும் அது 4பியின் கருமைக்கு வராது. தாளில் பள்ளம் விழும், பளபளப்பு ஏறும், அவ்வளவுதான். பழக அப்சரா, கேம்லின் செட்டே தாராளம். ஸ்டெட்லர் லூமோகிராஃப், ஃபேபர்-காஸ்டெல் 9000 போன்றவற்றில் டோன் இன்னும் சீராக விழும். ஆனால் ஜாடை வராததற்குப் பென்சில் கம்பெனி காரணமில்லை.

ஷார்ப்னருக்குப் பதிலாகப் பிளேடால் சீவி, ஒரு சென்டிமீட்டருக்கு லெட் வெளியே தெரியும்படி வைத்து, உப்புத்தாளில் கூராக்குங்கள். நீண்ட முனையைச் சாய்த்துப் பிடித்தால் பரந்த ஷேடிங், நிமிர்த்தினால் நுண்கோடு. ரப்பரில் இரண்டு வகை வேண்டும்: பிசைந்து உருட்டக்கூடிய நீடட் எரேசர் ஒன்று, பேனா வடிவில் மெல்லிய முனையுள்ளது ஒன்று.

அடிக்கடி கவனிக்காமல் விடும் விஷயம் பலகை. தாளை மேஜையில் படுக்கவைத்து வரைந்தால் தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தள்ளிப் போகிறது. அது குறுகித் தெரிவதால் கை தானாகவே அதை நீட்டிவிடும். முடித்துச் சுவரில் சாய்த்துப் பார்த்தால் நெற்றி நீண்டு, தாடை சிறுத்திருக்கும். பலகையைச் சாய்த்து, பார்வை அதன் நடுவில் நேராக விழும்படி வையுங்கள். போட்டோவும் அதே சாய்வில் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி அளவு. ஏ4 தாளில் உச்சி முதல் முகவாய் வரை 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 10 சென்டிமீட்டர் அளவில் வரும், ஒரு கண் 2 சென்டிமீட்டர். கண்ணில் 1 மில்லிமீட்டர் பிசகினாலே 5 சதவீதத் தவறு. அதனால் கண்மதிப்பை மட்டும் நம்பாமல் ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள டிவைடரை எடுங்கள். பிரிண்டும் படமும் ஒரே அளவு என்பதால் போட்டோவில் அளந்ததை அப்படியே தாளில் வைக்கலாம். முதலில் உச்சி, முகவாய், இருபுறமும் முகம் அகன்றிருக்கும் இடம். அடுத்து இரண்டு கண்களின் உள்மூலைகள், வெளிமூலைகள், மூக்கின் அடி, வாய்ப்பிளவின் இரு முனைகள். இவற்றைப் புள்ளியாக வைத்தபின் முக்கோணங்களாகச் சரிபாருங்கள்: இரு கண்களின் வெளிமூலைகளும் மூக்கடியும் சேர்ந்த முக்கோணம், உள்மூலைகளும் கீழுதட்டின் நடுவும் சேர்ந்தது. முக்கோணம் பொருந்தினால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் பொருந்திவிடும்.

தாடையையும் தலையையும் வளைகோடாக இழுக்காமல் நேர்கோட்டுத் துண்டுகளாகப் போடுங்கள். காதிலிருந்து முகவாய் வரை மூன்று நான்கு துண்டு வரும். பென்சிலைப் போட்டோவின் அந்தச் சாய்வோடு ஒட்டிப் பிடித்து, கோணம் மாறாமல் தாளுக்கு நகர்த்தினால் சாய்வு கிடைத்துவிடும். வளைகோட்டில் தவறு எங்கே என்று தெரியாது, நேர்கோட்டில் தெரியும்.

புத்தகங்களில் உள்ள பொது அளவுகள் பயன்படும், சோதனைக்காக மட்டும். நேராகப் பார்க்கும் பெரியவர் முகத்தில் கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கும். முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண். முடி தொடங்கும் இடம், புருவம், மூக்கடி, முகவாய் மூன்று சம பாகம். வாய்ப்பிளவு மூக்கடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே. காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் நடுவே. குழந்தைகளுக்குக் கண்கள் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். நீங்கள் வரையும் ஆள் இந்தக் கணக்கிலிருந்து எங்கெல்லாம் விலகுகிறாரோ அங்கெல்லாம் அவர் ஜாடை இருக்கிறது. மூக்கடிக்கும் உதட்டுக்கும் இடைவெளி அதிகமா, ஒரு புருவம் ஏறியிருக்கிறதா என்று குறித்துவையுங்கள். பொது அளவுக்கே எல்லாரையும் கொண்டுவந்தால் எல்லாரும் அண்ணன் தம்பியாகத்தான் தெரிவார்கள்.

எல்லாரும் செய்கிற ஒரு தவறு: கண்களைப் பெரிதாக்கி மேலே ஏற்றுவது. நம் கவனம் முழுக்கக் கண், மூக்கு, வாயில் இருப்பதால் நெற்றிக்கும் மண்டைக்கும் இடம் கொடுக்கத் தோன்றாது. உச்சியிலிருந்து கண் வரை, கண்ணிலிருந்து முகவாய் வரை, இந்த இரண்டையும் டிவைடரால் ஒருமுறை ஒப்பிட்டாலே பாதிப் பேருக்கு நோய் பிடிபட்டுவிடும்.

கட்டம் போட்டு வரையலாமா என்றால், தாராளமாக. சின்ன ஸ்டில்லைப் பார்த்துப் பல அடி உயரப் பேனரில் நடிகர் முகத்தைக் கொண்டுவந்த சென்னை சினிமா பேனர் ஓவியர்கள் கட்டம் போட்டவர்கள்தாம். போட்டோவில் 1 சென்டிமீட்டர், தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் இரு மடங்கு. கண், வாய் உள்ள கட்டங்களை மட்டும் இன்னும் நான்காகப் பிரியுங்கள். ஆனால் கட்டத்தை 2எச் வைத்து அழுத்திப் போடாதீர்கள். கடினமான முனை தாளில் பள்ளம் போடும். ரப்பர் கறையை எடுக்கும், பள்ளத்தை எடுக்காது. பிறகு கன்னத்தில் ஷேடிங் ஏறும்போது அந்தப் பள்ளத்தில் கிராஃபைட் இறங்காமல் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். எச்பியைப் பட்டும் படாமலும் இழுத்தால் போதும். கட்டத்தின் குறை வேறொன்று: பல மாதம் அதிலேயே வரைந்தால் கோணம் பார்க்கும் பழக்கம் வளராது. ஒரு படம் கட்டத்தில், ஒரு படம் டிவைடரில் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

அளவு முடிந்ததும் கண்ணுக்குப் போகாதீர்கள். போட்டோவைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சம், நிழல் என்று இரண்டே பகுதியாகப் பிரியும். நிழலின் எல்லையை மெல்லிய கோட்டில் வரைந்து, உள்ளே முழுவதும் எச்பியால் ஒரே சீராக நிரப்புங்கள். கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், மேலுதடு, தாடையின் கீழ், கழுத்து எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வடிவமாக வரலாம், வரட்டும். இந்த இரண்டு டோன் நிலையிலேயே ஆள் யாரென்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மேலே போகக் கூடாது. இங்கே திருத்துவது ஐந்து நிமிட வேலை, நாலு அடுக்கு ஏறிய பிறகு திருத்தினால் தாளே போய்விடும்.

தாளின் ஓரத்தில் 1 முதல் 9 வரை ஒரு டோன் பட்டை போட்டுவையுங்கள்; 1 வெறும் தாள், 9 உங்கள் 8பி தரும் அதிகபட்சக் கருமை. மேல்நாட்டு யூடியூப் பாடங்களில் வெளிச்சப் பக்கத் தோலை ஏறக்குறைய வெறும் தாளாகவே விட்டுவிடுவார்கள். அவர்கள் வரையும் தோலுக்கு அது சரி. மாநிறமான முகத்தில் வெளிச்சப் பக்கமே 3 முதல் 5 வரை இருக்கும், நிழல் 6 முதல் 8. கருத்த தோலில் இன்னும் ஒரு படி கருமை. 1 என்பது நெற்றி மேடு, மூக்கு நுனி, கீழுதடு, கண்ணின் ஈரம் ஆகிய சில இடங்களுக்கு மட்டும். வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று நிறத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் முகம் முழுக்க 1, 2 ஆகி, மினுக்கு விழும் இடம் தனியாகத் தெரியாது; முகம் தட்டையாவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, 7க்கு மேல் போகப் பயப்படுவது.

நிழல் ஒரே கருப்பு கிடையாது. உருண்ட கன்னத்தில் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் ஓரத்தில்தான் மிக ஆழமான பட்டை விழும். அதைத் தாண்டித் தாடை ஓரத்துக்குப் போனால் தோளிலும் சட்டையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தால் டோன் ஓரளவு வெளுக்கும். எவ்வளவு வெளுத்தாலும் அந்த இடம் வெளிச்சப் பக்கத்தின் இருண்ட இடத்தைவிடக் கருப்பாகவே இருக்க வேண்டும். மீறினால் தாடையில் தகரம் அடித்ததுபோல் மின்னும். ஓரங்களும் இரண்டு விதம். உருண்டு திரும்பும் கன்னத்தில் நிழலின் ஓரம் கரைந்திருக்கும். மூக்கு உதட்டின் மேல் போடும் நிழலின் ஓரம் கூர்மையாக வெட்டி நிற்கும். இரண்டையும் ஒரே மாதிரி தேய்த்தால் முகம் சோப்பில் செய்ததாகிவிடும். தாடைக்கு அவுட்லைன் தேவையே இல்லை. கழுத்து நிழலின் கருமை முடியும் இடமே தாடை.

அழுக்காவதற்கு முதல் குற்றவாளி விரல். தோலின் எண்ணெய் தாளில் இறங்கினால் அங்கே கிராஃபைட் திட்டுத்திட்டாக ஏறும், ரப்பருக்கும் போகாது. உள்ளங்கைக்கு அடியில் எப்போதும் ஒரு வெற்றுத்தாள் இருக்கட்டும். வலது கைக்காரர்கள் இடது மேல் மூலையிலிருந்து கீழே இறங்குங்கள். டோனைத் தேய்த்துக் கலக்க உதவும் காகிதக் குச்சியான பிளெண்டிங் ஸ்டம்பில் வெளிர் டோனுக்கு ஒன்று, கருமைக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஷேடிங்கின் சீர்கேட்டை மறைக்க ஸ்டம்பைத் தேடாதீர்கள்; சீரில்லாத ஷேடிங்கைத் தேய்த்தால் சீரில்லாத கறைதான் வரும்.

தோலுக்கு எச்பியைப் பின்பக்கம் தள்ளிப் பிடித்து, பென்சிலின் கனத்திலேயே சிறு சிறு கோடுகளாக ஒரு அடுக்கு. அடுத்த அடுக்கு கொஞ்சம் திசை மாற்றி. மூன்று முதல் ஐந்து அடுக்கில் டோன் ஏற வேண்டும். பின்பு அருகில் பார்த்து, வெள்ளைப் புள்ளியாக நிற்கும் இடத்தைக் கூரான 2எச்சால் நிரப்புங்கள். கரும்புள்ளியை நீடட் எரேசரை ஊசிபோல் கிள்ளி ஒற்றி எடுங்கள்; தேய்க்க வேண்டாம். தலைமுடி, கண்பாவை போன்ற ஆழக் கருமைக்கு வரிசையை மாற்றுங்கள்: முதலில் 4பி அல்லது 8பி மென்மையாக, அதன் மேல் 2பி வைத்துத் தாளின் குழிகளை நிரப்புங்கள். எச்பியை அழுத்தி அடித்து மினுமினுப்பாக்கிய இடத்தில் 8பி வழுக்கிக்கொண்டு போகும், ஒட்டாது.

இப்போது கண்ணுக்கு வரலாம். கண்ணின் வெள்ளை வெள்ளையில்லை. அது உருண்டை, குழிக்குள் இருக்கிறது, மேலிமையின் நிழல் அதன் மேல் விழுகிறது. நடுவே 3, மூலைகளில் 4, மேலிமைக்கு நேர் கீழே 5 அல்லது 6. வெறும் தாளாக விட்டால் பயந்து விழித்ததுபோல் இருக்கும். சாதாரணமாகப் பார்க்கும் கண்ணில் கருவிழியின் மேல்பகுதி இமைக்குள் மறைந்திருக்கும். முழு வட்டமும் தெரிந்தால் மறுபடியும் அதே பயம். நம்மவர்களின் கருவிழி பெரும்பாலும் ஆழ்ந்த பழுப்பு. பாவை 9, கருவிழி 7 அல்லது 8. மினுக்கு மேலே இடப்பக்கம் இருந்தால், கருவிழியின் கீழே வலப்பக்கத்தை மட்டும் 6க்குக் கொண்டுவாருங்கள். கண்ணாடிபோல் ஆழம் வந்துவிடும். மினுக்கு இரு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும், பாவையின் நட்டநடுவில் அல்ல. கீழிமைக்கு ஒரு தடிப்பு உண்டு. அந்த மெல்லிய ஈரப்பட்டையை 2இல் விட்டுவைத்தால்தான் கண்ணுருண்டை இமைக்குள் உட்கார்ந்ததாகத் தெரியும். கீழ் மயிர்கள் அந்தத் தடிப்பின் வெளி ஓரத்திலிருந்து முளைப்பவை, கண்ணுருண்டையை ஒட்டியல்ல. மேல் மயிர்களை வேரிலிருந்து தொடங்கி முனையில் கையைத் தூக்கிவிடுங்கள். இரண்டு மூன்று மயிர் முனையில் சேரும். சீப்புப் பல்போல வரிசையாக நிற்காது.

மூக்குக்குக் கோடே கிடையாது. அடித்தளமும் நிழல் பக்கமும் டோனாக விழுந்தால் மூக்கு தானே எழும்பும். துவாரத்தை 9இல் நிரப்பாமல் மேல் ஓரம் மட்டும் ஆழமாக, கீழே கரையும்படி விடுங்கள். வாயில் மிகக் கருப்பான இடம் வாய்ப்பிளவும் அதன் இரு மூலைகளும். உதட்டைச் சுற்றிக் கோடு போட்டால் லிப்லைனர் ஆகிவிடும். சிரிக்கும் வாயில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கோடு இழுக்காதீர்கள். ஈறின் ஓரத்தில் சிறு முக்கோணங்களும் கீழே விளிம்பும் போதும்.

தலைமுடியை மயிர் மயிராகத் தொடங்கினால் விடியாது. எண்ணெய் வைத்து வாரிய முடி பட்டை பட்டையாக ஒளியை வாங்கும். முதலில் அந்தப் பட்டைகளை இருட்டு, வெளிச்சமாகப் பிரித்து, கோடுகளை இருட்டிலிருந்து தொடங்கி மினுக்கை நோக்கி இழுத்துக் கையைத் தூக்குங்கள், எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே. நெற்றி ஓரத்தில் முடி சட்டென்று தொடங்காது. தோல் டோன் முடிக்குள் கொஞ்சம் போகட்டும். நரைமயிருக்கு, ஷேடிங்குக்கு முன்பே மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் தாளில் கீறிவையுங்கள். மேலே 4பி ஓடும்போது வெள்ளை மயிராக எழும். கட்டம் போடும்போது எதிரியாக இருந்த பள்ளம் இங்கே வேலைக்கு ஆகும்.

திருநீற்றுப் பட்டையை நேர்கோடாக விடக் கூடாது, நெற்றியின் வளைவோடு போக வேண்டும். நிழல் பக்கம் போகும்போது அதுவும் 1லிருந்து 4க்கு இறங்கும். மூக்குத்தி என்பது ஒரு வெள்ளைப் புள்ளி, அதை ஒட்டி ஒரு கரும்புள்ளி, கீழே தோலில் ஒரு குட்டி நிழல். மல்லிகைச் சரத்தில் பூவை வரையாமல் பூக்களுக்கு நடுவே தெரியும் முடியின் கருமையை வரையுங்கள்.

சட்டை, சேலையை முகத்தளவு முடிக்கத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் பென்சில் உருவப்படங்கள் வரைந்த பிரெஞ்சு ஓவியர் ஆங்கர், முகத்தை நுணுக்கமாக முடித்து, உடையைச் சில கோடுகளோடு விட்டுவிடுவார். பார்ப்பவர் கண் முகத்திலேயே நிற்கும்.

முடிக்கும் முன் படத்தைப் போனில் எடுத்து இடம் வலம் மாற்றிப் பாருங்கள், அல்லது கண்ணாடியில் காட்டுங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத சாய்வு அதில் உடனே தெரியும். ஏ4 அளவில் ஒரு முகத்துக்குப் பத்து முதல் இருபது மணி நேரம் ஆவது சகஜம். ஒரே மூச்சில் உட்காராமல் பிரித்துச் செய்யுங்கள்.

கிராஃபைட் கலையாமல் பிடித்துவைக்கும் ஸ்பிரேயான ஃபிக்ஸேட்டிவ் அடிப்பதானால் ஜன்னலைத் திறந்துவைத்து, படத்தை நிமிர்த்தி, 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லியதாக இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் காயவிட்டு அடியுங்கள். முதலில் ஒரு துண்டுத் தாளில் சோதித்துக்கொள்ளுங்கள், டோன் சற்று இருளலாம். ஹேர் ஸ்பிரே மலிவு, ஆனால் நாளாக நாளாகத் தாளை மஞ்சளாக்கும். ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். முடித்த படத்தைப் போட்டோ எடுப்பதானால் வெளிச்சம் பக்கவாட்டில் 45 டிகிரியில் வரட்டும். நேரே விழுந்தால் 8பி அடித்த இடமெல்லாம் மினுங்கி, முடி நரைத்ததுபோல் பதிவாகும்.